கடன் வாங்காமல் கழிக்கலாம்: சின்னப் பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் விதம்

32-ல் 17 போனால் எவ்வளவு? கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கு" என்று பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் டீச்சர் எனக்குச் சொன்னது அது. அவருக்கு அவர் வாத்தியார் சொல்லியிருப்பார். பன்னிரண்டாவது வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், கடன் வாங்குனோமே, எப்பத் திருப்பிக் குடுப்போம்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பி அவளை உட்கார வைத்துவிட்டேன். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் நாற்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். "பிள்ளை சரியாத்தானத்தா கேட்டிருக்கு. பற்று எழுதுனா வரவு வேணும்ல. நீ சொல்றது கடனே இல்ல, சில்லறை. பத்து ரூவாத் தாளக் குடுத்துப் பத்து ஒத்த ரூவா வாங்குற. கையில இருக்க துட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

மறுநாளிலிருந்து என் வகுப்பில் கடன் கிடையாது, சில்லறைதான். அதற்கப்புறம் இன்னொரு பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷங்களில் கற்றுக்கொண்டதை, வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களுக்கும் அப்பத்தாக்களுக்கும், புதிதாக ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு எடுக்க வந்திருக்கும் டீச்சர்களுக்கும் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கணக்கு கையில் தொடங்கி, வாய்க்கு வந்து, கடைசியில்தான் தாளுக்குப் போகும். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனை எடுத்தவுடன் பேரேட்டில் பேனா வைக்க விடமாட்டார்கள் என்பார் அப்பா. காசை எண்ணி அடுக்குவான், எண்ணியதை வாயால் சொல்வான், எழுதுவது அப்புறம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். எல்.கே.ஜி.யிலேயே ஒன்றிலிருந்து நூறு வரை எழுதச் சொல்லி நோட்டு வாங்கிக்கொடுக்கிறோம். தாளில் பிள்ளை திணறினால் வாய்க்குத் திரும்புங்கள். வாயில் திணறினால் கைக்குத் திரும்புங்கள். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் இதைச் செய்யும் வழிதான்.

ஒரு கொட்டானில் அடங்கும் சாமான்

கடையில் விற்கிற கணிதப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பனையோலைக் கொட்டான் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூறு புளியங்கொட்டை, விளக்குமாற்றிலிருந்து உருவி ஒரே அளவில் ஒடித்த ஈர்க்குச்சி ஒரு நூற்றைம்பது, ரப்பர் பேண்டு பதினைந்து, பழைய கல்யாணப் பத்திரிகை நாலைந்து. நம் பக்கத்தில் பத்திரிகைக்கா பஞ்சம்? அட்டை தடிமனாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பல்லாங்குழிப் பலகை பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள்.

எண்ணத் தெரிகிறதா, சொல்லத் தெரிகிறதா

"என் பிள்ளை நூறு வரைக்கும் சொல்லும் டீச்சர்" என்று ஜூன் மாதம் எல்லா அம்மாவும் சொல்வார்கள். பாட்டுப்போல் சொல்லும், சரி. பதினேழு புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பதினேழு என்று சொன்னால் நல்லது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. அதட்டாதீர்கள், அது வயசு. தினம் ஏதாவது ஒன்றை எண்ணி எடுத்துவரச் சொல்லுங்கள். பன்னிரண்டு வெங்காயம், எட்டுத் தட்டு. கொண்டுவந்து வைத்தபிறகு பரப்பிப் போட்டு "இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். பரப்பினால் கூடிவிட்டது என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு.

இதற்குப் பல்லாங்குழியை விட்டால் வேறு நல்ல சாமான் இல்லை. பதினாலு குழி, குழிக்கு ஐந்து முத்துப் போட்டால் எழுபது. ஆட்டத்துக்கு நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் "பசு" என்று அள்ளுவோமில்லையா? அங்கேதான் கணக்கு இருக்கிறது. நாலை எண்ணாமல் பார்த்தவுடனே நாலு என்று கண்ணுக்குத் தெரியவேண்டும். அது வந்த பிள்ளை ஏழைப் பார்த்தால் நாலும் மூணுமாகப் பார்க்கும். வராத பிள்ளை மூன்றாம் வகுப்பிலும் விரலை மடக்கிக்கொண்டிருக்கும். அப்பத்தாவோடு வாரம் மூன்று ஆட்டம் போதும். அப்பத்தா அழுகுணி ஆட்டம் ஆடினால் இன்னும் நல்லது, பிள்ளை கூர்ந்து கவனிக்கும்.

எண்ணுப் பெயரில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சௌகரியம் உண்டு. பதிமூன்று என்றால் பத்தும் மூன்றும். முப்பது என்றால் மூன்று பத்து. பெயரே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளைகள் தேர்ட்டீனையும் தேர்ட்டியையும் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன், காதுக்கு இரண்டும் ஒன்றாக விழுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழில் எண்ணிக் காட்டுங்கள். ஸ்கூலில் குழம்பிவிடும் என்று பயப்பட வேண்டாம், தெளியத்தான் செய்யும். தமிழிலும் ஒரு இடம் வழுக்கும்: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். எண்பத்தொன்பது வரை சரியாக வந்த பிள்ளை அங்கே நின்றுவிடும். "தொண்ணூறு பேரில் நூறை வச்சிருக்கு, ஆனா நூறு இல்ல, பத்து குறைச்சல்" என்று ஒரு முறை சிரித்துச் சொல்லிவிட்டால் மறக்காது.

நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளை

வருஷம் தவறாமல் ஐந்தாறு பேராவது நூற்றைந்தை 1005 என்று எழுதுவார்கள். முன்பெல்லாம் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவேன். ஒருநாள் ஒரு பையனிடம், "எப்படிய்யா வந்துச்சு?" என்று கேட்டேன். "நூறு எழுதுனேன் டீச்சர். அப்புறம் அஞ்சு எழுதுனேன்" என்றான். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருக்கிறான். அவன் நியாயப்படி அது சரிதான். அவனுக்கு யாரும் சொல்லாதது, நூறின் அந்த இரண்டு சுழியும் வேறு யாராவது வந்து உட்காரும் இடம் என்பதுதான்.

இதற்கு ஒரு அட்டை செய்வோம். கல்யாணப் பத்திரிகையின் எழுத்தில்லாத பக்கத்தைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ. அகலத்தில் ஒன்பது துண்டு: 1 முதல் 9 வரை. 6 செ.மீ. அகலத்தில் ஒன்பது: 10, 20, இப்படி 90 வரை. 9 செ.மீ. அகலத்தில் ஒன்பது: 100 முதல் 900 வரை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் சரியாக 3 செ.மீ. இடம். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். மொத்தம் 27 அட்டை.

இப்போது 100 அட்டையைத் தரையில் வைத்து, 5 அட்டையை அதன் வலது ஓரத்தில் கடைசிச் சுழியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். 105. அட்டையைத் தூக்கினால் கீழே சுழி தெரியும், மூடினால் ஐந்து. 100-ன் மேல் 40-ஐயும் அதன்மேல் 5-ஐயும் வைத்தால் 145. அந்தப் பையன் ஐந்தை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஆறேழு தடவை இருக்கும். பிறகு, "உள்ள நூறு ஒளிஞ்சிருக்கு டீச்சர்" என்றான். நான் விளக்கியிருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது.

அட்டையோடு ஈர்க்குச்சியும் கூட வரவேண்டும். பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டினால் பெருங்கட்டு. 105 என்றால் ஒரு பெருங்கட்டும் ஐந்து உதிரியும், நடுவில் கட்டு ஒன்றும் இல்லை. அந்த "ஒன்றும் இல்லை"தான் நடுச்சுழி. கட்டை நீங்களே கட்டிவைத்துவிடாதீர்கள். பிள்ளை எண்ணி எண்ணிக் கட்டும் அந்தக் கால் மணி நேரம்தான் பாடம்.

சில்லறை மாற்றுவது

32-ல் 17. மூன்று கட்டு, இரண்டு உதிரி. "ஏழு உதிரி எனக்குக் குடு" என்று கை நீட்டுங்கள். பிள்ளையிடம் இருப்பது இரண்டு. வாயைத் திறக்காமல் இருங்கள், இதுதான் கஷ்டமான வேலை. பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவிவிடும். இப்போது இரண்டு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழைக் கொடுத்தால் ஐந்து, ஒரு கட்டைக் கொடுத்தால் ஒன்று. பதினைந்து. இரண்டு மூன்று நாள் கையால் செய்தபிறகு, வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும்: "ஒரு பத்தைச் சில்லறை மாத்துறேன்." அப்புறம் நோட்டில் 3-ஐ அடித்து 2 போடுவதும், 2-க்குப் பக்கத்தில் ஒன்று போட்டு 12 ஆக்குவதும் ஏற்கெனவே கையால் செய்ததைத் தாளில் குறித்துவைப்பதாகத்தான் இருக்கும்.

சுழி நடுவில் வந்தால்தான் பெரியவர்களுக்கும் தடுமாறும். 302-ல் 148. ரூபாயாக எடுத்துக்கொள்வோம். மூன்று நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒற்றை ரூபாய். கொடுக்கவேண்டியது எட்டு ஒற்றை ரூபாய், நாலு பத்து, ஒரு நூறு. ஒற்றைக்கு மாற்றப் பத்து ரூபாய்த் தாளே இல்லை. ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்று. அந்தப் பத்தில் ஒன்றைப் பத்து ஒற்றையாக மாற்று. இப்போது கையில் இரண்டு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒற்றை. மொத்தம் அதே 302. இனி எல்லாம் கழியும்: 154. "சுழி ஒன்பதாயிரும்" என்று சூத்திரம் மாதிரி சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று இப்போது பிள்ளை பார்த்துவிட்டது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது மளிகைக் கடை அண்ணாச்சி வழி. 148-லிருந்து 150-க்கு இரண்டு, 200-க்கு ஐம்பது, 302-க்கு நூற்றிரண்டு. மொத்தம் 154. கழிக்கவே இல்லை, ஏறிப் போனார். உங்கள் பிள்ளை இப்படிப் போட்டால் "டீச்சர் சொன்ன மாதிரி போடு" என்று அழித்துவிடாதீர்கள். டீச்சர் சொன்ன மாதிரியும் தெரிந்திருக்கவேண்டும், இதுவும் இருக்கட்டும்.

இதைச் சொல்லும்போது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். அப்பாவுக்கு ஆத்தங்குடியில் பூக்கல் வேலை, தரையில் பதிக்கிற பூப்போட்ட கல். லீவு நாளில் இவனும் கொட்டகைக்குப் போவான். கண்ணாடிமேல் வர்ணக் கலவை ஊற்றும் இடத்தில் நிற்பான், தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த கல்லை அடுக்குவான். வகுப்பில் 15 × 18 போடச் சொன்னால் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் கேட்டேன்: "பத்தடிக்குப் பன்னெண்டடி ரூம்புக்கு எட்டு இஞ்சுக் கல்லு எத்தன வேணும்?" மேலே பார்த்தான். "ரெண்டடிக்கு ரெண்டடி ஒம்போது கல்லு டீச்சர். பத்தடில அஞ்சு ரெண்டடி, பன்னெண்டுல ஆறு. அஞ்சாறு முப்பது. முப்பதொம்போது எரநூத்தி எழுவது." உடைவதற்குப் பத்துக் கல் கூடப் போட்டுக்கொள்ளவும் சொன்னான். பத்தடியில் எட்டு இஞ்சு பதினைந்து தடவை, பன்னிரண்டடியில் பதினெட்டுத் தடவை. அவன் போடமாட்டேன் என்று மூடிவைத்த அதே 15 × 18, 270.

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற ஊரில் தெரு வியாபாரம் பார்த்த ஐந்து பிள்ளைகளைத் தெரேசினா நூனெஸ் என்ற அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சோதித்து 1985-ல் எழுதினார்கள். வியாபாரத்தின் நடுவில் கேட்டபோது நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு இந்தப் பையன் முகம்தான் வந்தது. தெருக் கணக்கு போதும், பள்ளிக்கூடம் எதற்கு என்று இதற்கு அர்த்தமில்லை. அவன் வாயால் சொன்னதை அவன் கண்முன்னாலேயே நான் பலகையில் எழுதிக் காட்டியிருக்கவேண்டும், அந்த வேலை பாக்கி இருந்தது. எழுதிக் காட்டினேன். "இதுதானா அது" என்றான்.

வாய்ப்பாடு

மனப்பாடம் கூடாது என்று சொல்லுகிற கட்சியில் நான் இல்லை. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு என்று ராகமாகச் சொல்வது நாக்குக்கு நல்லது. ஆனால் ஏழேழு எத்தனை என்று நடுவில் கேட்டால் ஓரேழிலிருந்து ஆரம்பிக்கிற பிள்ளைக்கு அது பாட்டு, வாய்ப்பாடு இல்லை.

குழிப்பணியாரச் சட்டி ஏழு குழி உள்ளதாக இருந்தால் ஏழாம் வாய்ப்பாடு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. "இது நாலாவது ஈடு, இதுவரைக்கும் எத்தனை?" இருபத்தெட்டு. "ரெண்டு பேர் ஆளுக்கு மூணு தின்னாச்சு, மீதி?" ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு ஊற்றுவதற்குள் பதில் வரவேண்டும் என்று பந்தயம் வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு, இது பெற்றோர்களுக்கு. ஒன்றிலிருந்து பத்து வரை வாய்ப்பாட்டில் நூறு வரி. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிடும். மிச்சம் 3, 4, 6, 7, 8, 9. ஆறுக்கு ஆறு முப்பத்தாறு வரி. முற்றத்தில் பூக்கல்லை நீளவாக்கில் எண்ணினாலும் அகலவாக்கில் எண்ணினாலும் மொத்தம் ஒன்றுதான் என்று காட்டிவிட்டால் 6 × 7-ம் 7 × 6-ம் ஒரே வரி, ஆக 21. ஒன்பதுக்கு விரல் இருக்கிறது: பத்து விரலையும் நீட்டி, 9 × 4-க்கு இடமிருந்து நாலாவது விரலை மடக்கினால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஆறு, 36. அதையும் கழித்தால் பதினைந்தே வரி. நூறு வரி ஒப்பிக்கணும் என்றால் அழுகிற பிள்ளை, பதினைந்து என்றால் "அவ்வளவுதானா?" என்கிறது. வாரத்துக்கு இரண்டு வரி போதும். ஏழெட்டு மறந்துபோனால் ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, கூட்டினால் ஐம்பத்தாறு என்று வழி கண்டுபிடித்து வரட்டும். மறந்தால் திரும்பிவர ஒரு பாதை இருக்கவேண்டும்.

அரை, கால், அரைக்கால்

பின்னத்தில்தான் பிள்ளைகள் கணக்கை வெறுக்கத் தொடங்குகிறார்கள். 1/4 பெரியதா, 1/8 பெரியதா என்று கேட்டால் எட்டு பெரியது என்பதால் எட்டில் ஒன்றுதான் பெரியது என்பார்கள். எண்ணில் அதுவரை பார்த்ததெல்லாம் அப்படித்தானே?

"எட்டில் ஒன்று", "நான்கில் ஒன்று" என்று புத்தக மொழியில் ஆரம்பிக்காமல் நம் பழைய பெயர்களில் ஆரம்பியுங்கள். அரை. அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி மாகாணி. அரைக்கால் என்ற பெயரைக் காதில் கேட்டவுடனே அது காலைவிடச் சின்னது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். முக்கால் என்றால் மூன்று கால், அதையும் பெயரே சொல்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முந்திரி வரைக்கும், அதாவது 320-ல் ஒரு பங்கு வரைக்கும், எண்சுவடியில் படித்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், மாகாணியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி, உழக்கு, ஆழாக்கு வீட்டில் இருந்தால் விடாதீர்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. பிள்ளையை அரிசி அளக்க விடுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். ஆழாக்கால் அள்ளி அள்ளிப் படியில் போட்டு எட்டாவதில் நிறைந்ததும், "அப்ப ஆழாக்கு, படியில என்ன?" என்று கேளுங்கள். அரைக்கால். தாளில் எழுதினால் 1/8. உழக்கு கால், 1/4. எது பெரிசு என்று கேட்க வேண்டியதே இல்லை, இரண்டும் கையில் இருக்கிறது.

இதோடு ஒன்று. வெள்ளைப் பணியாரத்துக்கு எப்படி அளப்போம்? ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டுவோம். "அந்தக் கோபுரம் எத்தனை?" என்று என் வகுப்பில் ஒருத்தி கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. கரண்டி கொண்டுவந்து, ஒரு ஆழாக்கு அரிசிக்கு எத்தனை கரண்டி, கோபுரத்து உளுந்துக்கு எத்தனை கரண்டி என்று அளந்தோம். வீட்டுக்கு வீடு வேறு விடை வந்தது, ஏனென்றால் கோபுரம் கட்டுகிற கை வேறு. அன்றைக்கு அந்த வகுப்பு விகிதத்தைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டது. அந்த வார்த்தை மட்டும் யாருக்கும் தெரியாது.

கதைக் கணக்கு

"அண்ணனிடம் 12 கோலி. அது தம்பியிடம் இருப்பதைவிட 5 அதிகம். தம்பியிடம் எத்தனை?" அதிகம் என்று இருப்பதால் கூட்டி 17 என்பார்கள். தப்பு பிள்ளைகளுடையது இல்லை. "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, அதிகம்னா கூட்டு" என்று குறிப்புச் சொல்லிக்கொடுத்த நம்முடையது. அந்தக் குறிப்பை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கதையை மட்டும் படிக்கவிடுங்கள். "யாருகிட்ட கூட இருக்கு?" அண்ணனிடம். "அப்பத் தம்பிகிட்ட?" கம்மி. இப்போது கையை எடுங்கள். 17 என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. படம் போட்டுப் பார்க்கச் சொன்னாலும் சரி. படம் என்றால் அண்ணனுக்கு மீசை வேண்டியதில்லை, இரண்டு கோடு போதும், ஒன்று நீளம், ஒன்று குட்டை.

சமக்குறி பற்றி ஒரு வார்த்தை. 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பாருங்கள். பாதிப் பேர் கட்டத்தில் 12 என்று எழுதுவார்கள். அவர்களுக்கு = என்றால் "விடையை எழுது" என்று பொருள். தராசுத் தட்டு மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எடை என்று காட்டுங்கள். தட்டு இல்லாவிட்டால் இரண்டு கொட்டானில் புளியங்கொட்டை போட்டுச் சமமாக்கச் சொன்னால் போதும்.

சரியா தப்பா சொல்வதற்கு முன்னால்

"எப்படி வந்துச்சு?" இந்தக் கேள்வியைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால் இரண்டே நாளில் பிள்ளை கண்டுபிடித்துவிடும், கேட்டவுடன் ரப்பரைத் தேடும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். நமக்குத்தான் பொறுக்காது.

இன்னொன்று, பிள்ளை காதில் விழும்படி "எனக்கும் கணக்கு வராது, அவ அப்பனுக்கும் வராது" என்று சொல்லாதீர்கள். மூக்கும் நிறமும் மாதிரி இதுவும் வம்சத்தில் வருவது என்று அது எடுத்துக்கொள்ளும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். "எதுத்த வீட்டுப் பிள்ளை மலராம், இது இன்னும் அரும்பாவே கிடக்கு" என்று ரேஷன் கடை வரிசையில் பேசுகிறார்கள். அது ரேங்க் இல்லை. இன்றைக்கு எந்தப் படியில் நின்று ஏறவேண்டும் என்று டீச்சருக்குத் தெரிய வைத்த பெயர்.

வீட்டுப் பாடத்துக்கு ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குக் கால் மணி நேரம், மூன்றாம் வகுப்புக்கு இருபது நிமிஷம். அதற்குமேல் இழுத்தால் நோட்டை மூடிவிடுங்கள். அழுகையோடு போட்ட ஆறாவது கணக்கால் யாருக்கும் லாபமில்லை. நீங்கள் போட்டு எழுதவைத்து அனுப்பினால் எனக்குக் கையெழுத்துதான் தெரியும், பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாது. நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "சில்லறை மாத்துவது வரை வந்தது, இரண்டு சுழி வந்தால் வரவில்லை." அது போதும், காலையில் அங்கிருந்து நான் எடுத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு அம்மா அப்படி எழுதி அனுப்பினார், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பிள்ளை நின்ற இடத்தை எழுதிவிட்டுக் கீழே, "டீச்சர், எனக்கும் இதுதான் புரியல" என்று ஒரு வரி. சாயங்காலம் மகனைக் கூப்பிட வந்தவரை உட்காரச் சொன்னேன். ஈர்க்குச்சிக் கட்டை எடுத்து மகன் அவர் முன்னால் வைத்தான். "முன்னூத்தி ரெண்டும்மா. எனக்கு நூத்தி நாப்பத்தெட்டு குடு" என்று கை நீட்டினான். அந்த அம்மா கொஞ்ச நேரம் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெருங்கட்டின் ரப்பர் பேண்டை உருவினார்.